தராசில் நிறுத்தப்படும் பெண்ணுடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் பெண்களின் உடல் எடை குறித்து வெளியான முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். பக்கத்தின் இடப்புறம், மங்கிய வெளிச்சத்தில் தலைகுனிந்து நிற்கும் பருமனான ஒரு பெண்ணின் படம். வலப்புறம், அதே பெண் மெலிந்து, நல்ல வெளிச்சத்தில் பல் தெரியச் சிரிக்கும் படம். இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி. 'அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் இருந்தவரை நம் பெண்கள் கட்டான உடலோடு இருந்தார்கள். மிக்சியும் கிரைண்டரும் வந்த பிறகு சோம்பிப் பெருத்துவிட்டார்கள்' என்பதே கட்டுரையின் சாரம். அதன் கீழே, நாளொன்றுக்கு 1,200 கலோரி என்ற கணக்கில் ஓர் உணவு அட்டவணையும் தரப்பட்டிருந்தது. நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உடற்பயிற்சியின் அருமையைப் பிறர் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் என் குடும்பம் சோறு உண்டது. அதனாலேயே அந்தப் பக்கம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது, இக்கடிதத்தையும் எழுதவைத்தது.

முதலில் ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் தாயார் மாவாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு காலை மடித்து, மறு காலை நீட்டி, வலக்கை குழவியைச் சுற்ற, இடக்கை ஒதுங்கும் மாவைக் குழிக்குள் தள்ளிவிட, உளுந்துக்கும் அரிசிக்குமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கடைசித் தம்பி பிறந்திருந்த மாதங்களில், நீட்டிய காலின் மீது அவனைக் கிடத்திக்கொண்டு ஆட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. மெலிந்துதான் இருந்தார். அந்த மெலிவை ஊரும் உறவும் ஆரோக்கியம் என்றே எண்ணின. நாற்பத்தைந்து வயதிலேயே அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. வலத் தோள்பட்டை உயரவில்லை. கருப்பை இறக்கம் ஏற்பட்டு, அதை வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் பல ஆண்டுகள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு காலம் கழித்தார் என்பதை அவருடைய கடைசிக் காலத்தில்தான் நான் அறிந்தேன். அவர் மெலிந்திருந்ததைக் காட்டி இன்றைய பெண்ணைக் குற்றம் சொல்லும் எவரும் அந்தத் துணிச்சுருளை அறியமாட்டார்கள்.

உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல என்பது எங்கள் துறையின் பாலபாடம். பயிற்சியில் சுமை படிப்படியாகக் கூட்டப்படும்; உடலின் இரு பக்கங்களும் சமமாக வேலை செய்யும்; களைத்த தசைக்கு ஓய்வும், ஓய்வுக்குப் பின் உணவும் உண்டு. வீட்டு வேலையில் அதே தோள், அதே முதுகு, அதே முழங்கால்தான் ஆண்டுக்கணக்கில் தேய்கின்றன. ஓய்வு என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை, உணவோ எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சுவது. கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்று நாம் பெருமைப்படுகிறோம். 2011 முதல் அரசே மிக்சியையும் கிரைண்டரையும் விலையில்லாமல் வீடுவீடாகக் கொடுத்தது. லட்சக்கணக்கான பெண்களின் தோள்பட்டைகளைக் காப்பாற்றிய அந்தப் பொருட்களை அவர்களுடைய சோம்பலுக்குச் சாட்சியாக நிறுத்துவது பெரிய அநியாயம்.

இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை 2024-ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியோரையும் பேணுவது இதில் சேராது, அது தனிக்கணக்கு. ஐந்தாண்டுகளுக்கு முந்தைய 2019 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 299 நிமிடங்களாக இருந்தது. ஐந்தாண்டுகளில் பத்து நிமிடம்தான் குறைந்திருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒருத்தி நடைப்பயிற்சிக்குப் போய்வர வேண்டுமா, மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டுமா, சற்றே காலை நீட்டிப் படுக்க வேண்டுமா என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்த 1,200 கலோரி அட்டவணைக்கு வருகிறேன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். தலைப்புச் செய்திக்கு இந்த எண் எப்போதும் எடுத்தாளப்படுகிறது. அதே ஆய்வு, அதே மாநிலத்தில், அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகவும் சொல்கிறது. இதைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை எதையும் நான் கண்டதில்லை. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எடை கூடிய உடலிலேயே இரத்தம் குறைந்திருக்கும் பெண்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் அதிகம் உண்பதால் மட்டும் பருத்தவர்கள் அல்லர். உண்ண வேண்டியதை உண்ணாமல் பருத்தவர்கள்.

எந்த வீட்டுச் சமையலறையிலும் இதைக் கண்ணால் காணலாம். மீன் குழம்பில் நடுத்துண்டு கணவருக்கு, அடுத்தது மகனுக்கு, தலையும் வாலும் குழம்பும் அவளுக்கு. முட்டை நான்கு இருந்து ஆட்கள் ஐந்து என்றால் யாருக்கு இல்லை என்பதை எவரும் சொல்லித்தர வேண்டாம். காலையில் பிள்ளை கடித்து வைத்த அரைத் தோசையும், மதியம் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சோறும், 'வீணாய்ப் போகிறதே' என்ற ஒரே காரணத்தால் அவள் வயிற்றுக்குள் போகின்றன. நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, அது பட்டினியை ஒழித்த நல்ல திட்டம். பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. ஆகவே தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி சாம்பாரும் என்பதே பல வீடுகளில் பெண்ணின் உணவாக அமைந்துவிட்டது. இந்தத் தட்டைப் பார்த்து 'பாதியாகக் குறை' என்று சொல்வதற்கு முன்னால், அதில் ஒரு முட்டையும் கைப்பிடிச் சுண்டலும் கீரையும் சேர வேண்டும், அவளும் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று கட்டுரை எழுதியிருக்கலாம்.

1,200 என்ற அந்த எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1944-45 ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், தாமே முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காக நடந்த ஆய்வு அது. அந்த ஆண்களுக்கு நாளொன்றுக்குத் தரப்பட்டது ஏறத்தாழ 1,570 கலோரி. சில வாரங்களிலேயே அவர்கள் எப்போதும் குளிரால் நடுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், மனச்சோர்வுக்கு ஆளானார்கள், உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அறிவியல் உலகம் அதைப் பட்டினி என்று பதிவு செய்தது. அதைவிடக் குறைந்த உணவை இன்று ஒரு பெண்ணுக்கு எழுதிக்கொடுத்து, அவள் எரிந்து விழுந்தால் 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்கிறோம். நம் நாட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே, அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்குக்கூட நாளொன்றுக்கு 1,660 கலோரி தேவை என்றுதான் கணக்கிட்டிருக்கிறது. மருத்துவர் ஒருவர், ஒரு நோயாளியைச் சோதித்து, கண்காணித்து, குறிப்பிட்ட காலத்துக்குக் குறைந்த உணவைப் பரிந்துரைப்பது வேறு. லட்சம் வீடுகளுக்குப் போகும் தாளில், யாரென்றே தெரியாத பெண்கள் அனைவருக்கும் ஓர் அட்டவணையை அச்சிடுவது வேறு.

என் மாணவி ஒருத்தியைப் பற்றி எழுதாமல் இக்கடிதத்தை என்னால் முடிக்க இயலாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், டெல்டா மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் அவள் ஒன்பதாம் வகுப்புப் படித்தாள். உயரமும் பருமனுமான பெண். வகுப்பில் அவளுடைய பெயரைச் சொல்லி அழைத்தவர்களைவிடக் 'குண்டு' என்று அழைத்தவர்களே அதிகம். ஆசிரியர்களிலும் சிலர் அப்படித்தான் அழைத்தார்கள். உடற்கல்விப் பாடவேளையில் மற்றப் பெண்கள் வளையப்பந்து ஆடும்போது அவள் வேப்பமரத்தடியில் புத்தகப்பைகளுக்குக் காவல் இருப்பாள். ஒருநாள் விளையாட்டு அறையைக் கூட்டிப் பெருக்கும்போது, மூலையில் கிடந்த, குண்டு எறிதல் போட்டிக்கான 4 கிலோ இரும்புக் குண்டை, வழியில் கிடக்கும் தேங்காயை எடுப்பதுபோல ஒரே கையால் தூக்கி அலமாரியில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு அவளை மைதானத்துக்கு வரச்சொன்னேன். குண்டை விரல்களின் அடிப்பகுதியில் தாங்கிக் கழுத்தோடு அணைத்துப் பிடிப்பது, பின்காலில் உடல் எடையைச் சேர்ப்பது, இடுப்பைத் திருப்பி அந்த எடை முழுவதையும் கைக்கு அனுப்புவது என ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். அதுவரை எந்த எடைக்காக அவள் கூனிக் குறுகினாளோ, அந்த எடை அந்த வட்டத்துக்குள் அவளுக்குத் துணை நின்றது. எட்டு மாதத்தில் ஒன்பது மீட்டரைத் தாண்டி எறிந்தாள்.

மண்டலப் போட்டிக்காக நாங்கள் திருச்சிக்குப் போனோம். சந்திப்பு ரயில் நிலையத்தின் நடைமேடையில், வண்ண விளக்குகள் சுழலும் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. காசு போட்டால் சிறிய அட்டைச் சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் அதிர்ஷ்டம். பெண்கள் வரிசையாக ஏறி, சீட்டைப் பிடுங்கிப் பார்த்து, கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். 'வேண்டாம் டீச்சர், எல்லாரும் பார்ப்பாங்க' என்றாள். எடையும் அதிர்ஷ்டமும் ஒரே அட்டையின் இரு பக்கங்கள் என்பதை நம் பெண்குழந்தைகள் எவ்வளவு இளம் வயதில் தெரிந்துகொள்கிறார்கள் என்பதை அன்று நான் புரிந்துகொண்டேன். மறுநாள் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றாள். பதினொன்றாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். 'கையெல்லாம் முறுக்கேறி ஆம்பளை மாதிரி ஆயிட்டா, யாரு டீச்சர் கட்டிக்குவா? இப்பவே உடம்பு தாட்டியா இருக்கு' என்றார் அவளுடைய தாய். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. மணமகள் தேவை விளம்பரங்களில் 'மெலிந்த, சிவந்த' என்ற இரு சொற்களையும் படித்துப் பயந்துபோன ஒரு தாயின் கணக்கு அது. அந்த விளம்பரங்கள் எந்தத் தாளில் வந்தன என்று நான் எழுதத் தேவையில்லை; எல்லாத் தாள்களிலும் வந்தன.

சென்ற ஆண்டு ஒரு திருமண மண்டபத்தில் அவளைக் கண்டேன். நாற்பதைக் கடந்துவிட்டாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு என்னைப் பார்த்தவள் சொன்ன முதல் வார்த்தை, 'டீச்சர், ரொம்பக் குண்டாயிட்டேன்ல?' என்பதுதான். நலம் விசாரிப்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்பவளைப்போல அதைச் சொன்னாள். ஒன்பது மீட்டர் எறிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை.

பெண்ணுடல் எதைச் செய்ய வல்லது என்பதைவிட, பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதே எப்போதும் முதலில் கேட்கப்படுகிறது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துக் களைத்த பெண்களின் தோற்றம் பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்று பத்திரிகைகள் எழுதின, ஓட்டமே நீக்கப்பட்டது, 1960-இல்தான் திரும்பி வந்தது. அதே 800 மீட்டரில், 2006-இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில், புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணான சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றபோது, பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஓடிய ஓட்டத்தில் எவரும் குறை காணவில்லை. அவருடைய உடல் பெண்ணுடலுக்கென்று பிறர் வகுத்த அளவுக்குள் அடங்குகிறதா என்றே பார்த்தார்கள். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோவைத் தூக்கி, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்ற கர்ணம் மல்லேஸ்வரி போட்டியிட்டது 69 கிலோ எடைப்பிரிவில். அந்தத் தோள்களுக்குக் 'கொடியிடை' என்றும் 'நுண்ணிடை' என்றும் பாடிப் பழகிய நம் மொழியில் பாராட்டுச் சொல் ஒன்றை நாம் இன்னும் உருவாக்கவில்லை.

'உடல் நிறை குறியீட்டெண்' என்று இன்று எல்லா இடங்களிலும் அளக்கப்படும் எண்ணின் பிறப்பும் தெரிந்துகொள்ளத் தக்கது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்த முறையை 1832-இல் வகுத்தவர் பெல்ஜியம் நாட்டு வானியல், கணித அறிஞர் அடோல்ஃப் கெட்லே. அவர் தேடியது 'சராசரி மனித'னை, நோயாளியை அன்று. 1972-இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டி மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர், மேலே சொன்ன அதே ஆன்செல் கீஸ். அப்போது அவர் ஆராய்ந்ததும் ஆண்களை மட்டுமே. தசைக்கும் கொழுப்புக்கும் அந்த எண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கொழுப்பு வயிற்றில் இருக்கிறதா, தொடையில் இருக்கிறதா என்பதும் தெரியாது. நோயைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். மருத்துவரின் மேசையில் பல கேள்விகளில் ஒன்றாக இருக்க வேண்டிய எண், பெண்ணின் நெற்றியில் ஒட்டப்படும் விலைச்சீட்டாக மாறியிருக்கிறது.

நான் சொல்வதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். உடல் பருமனால் கேடில்லை என்று நான் வாதிடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. எனக்கும் ஐம்பத்து மூன்று வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரை உண்கிறேன், நடக்கிறேன். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும் என்பதை என் மாணவிகளின் தாய்மார்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆயினும் ஒன்றை முப்பது ஆண்டு அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்: அவமானப்படுத்தி எவரையும் மைதானத்துக்கு வரவழைக்க முடியாது. கேலி செய்யப்பட்டவள் வேப்பமரத்தடிக்குத்தான் போவாள். தவறாமல் நடப்பவளுக்கும் வாரம் இருமுறை எடை தூக்குபவளுக்கும், ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வருகின்றன, தூக்கம் சீராகிறது, மாதவிடாய் நின்ற பிறகு வேகமாகத் தேயும் எலும்பு தாக்குப்பிடிக்கிறது. எடை குறையவில்லை என்பதற்காக மூன்றாம் மாதத்தில் அதை விட்டுவிடும் பெண்கள் எத்தனை பேர்! எடை இயந்திரம்தான் அவர்களை மைதானத்திலிருந்து விரட்டுகிறது.

முழங்கால் வலிக்காக நான் ஒரு மருத்துவரிடம் போனபோது, அவர் நாற்காலியை விட்டு எழாமல், காலைத் தொட்டும் பார்க்காமல், 'எடையைக் குறைங்கம்மா' என்று சீட்டெழுதினார். தொடைத் தசைகளை வலுப்படுத்தினால் முழங்காலின் பாரம் குறையும் என்று தெரிந்திருந்ததால், நானே ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். என் பேரன் வயதுடைய பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி, 'எத்தனை கிலோ குறைக்கணும் மேடம்?' என்பது. குறைப்பதற்காக வரவில்லை, தூக்குவதற்காக வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஓடும் பட்டையின் மேல் ஏற்றிவிட்டு, எடைத்தட்டுகள் இருந்த பகுதிக்கு ஆண்களை அழைத்துச் சென்றார். எடை தூக்கினால் பெண்ணுக்கு ஆணைப்போல் உடம்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கும் இருந்தது. தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் சுரப்பு பெண்ணுடலில் மிகக் குறைவு என்பதால் அப்படித் தசை பெருத்துவிடாது என்று மூன்று நாள் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு, ஐந்து கிலோ எடை என் கைக்கு வந்தது. இன்று பதினைந்து கிலோ வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறேன். மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச்சுவரைப் பிடிப்பதில்லை. என் எடை அப்படியேதான் இருக்கிறது.

எனக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரம், ஓய்வூதியமும், வளர்ந்துவிட்ட பிள்ளைகளும் கொடுத்தது. மற்றவர்களுக்கு? 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வு, இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 42 விழுக்காட்டினருக்கும் போதிய உடலியக்கம் இல்லை என்று காட்டியது. இந்த இடைவெளியைச் சோம்பல் என்று படிப்பவர்கள் எங்கள் ஊர் விளையாட்டுத் திடலுக்குக் காலை ஐந்தரை மணிக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். நடப்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஆண்கள். அவர்களுடைய வீடுகளில் அந்நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. ஏழரை மணிப் பேருந்துக்குள் மூன்று சாப்பாட்டு டப்பாக்கள் நிறைய வேண்டும். மாலையில் வரலாம் என்றால், உயர்கோபுர விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை. கழிப்பறைக்குப் பூட்டு போட்டிருக்கிறது; சாவி காவலாளியிடம் இருக்கிறது, காவலாளி பகலில் மட்டும் இருக்கிறார். திடலின் மூலையில் குடிப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுடிதாரில் ஓடும் பெண்ணைப் பார்த்து அவர்கள் சொல்லும் சொற்களை இங்கே எழுத முடியாது. 2023 நவம்பரில் மாநில அரசு ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியபோது நான் உள்ளபடியே மகிழ்ந்தேன். அந்தப் பாதைகளில் இரவு எட்டு மணி வரை விளக்கும், திறந்திருக்கும் பெண்கள் கழிப்பறையும், கண்ணில் படும் காவலும் இருந்தால், எடை பற்றிய ஆயிரம் கட்டுரைகள் செய்யாததை அவை செய்யும்.

அதற்கும் முன்னால் பள்ளி இருக்கிறது. பூப்பெய்திய மறுவாரமே 'இனி ஓட வேண்டாம்' என்று வீட்டிலிருந்து சொல்லியனுப்பப்பட்ட பெண்களை நான் எண்ணி முடிக்க முடியாது. தேர்வு நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கப்படுவது எப்போதும் எங்கள் பாடவேளைதான். அதிலும் ஆண்பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள், பெண்பிள்ளைகள் வகுப்பில் உட்காரவைக்கப்படுவார்கள். பதினான்கு வயதில் மைதானத்திலிருந்து வெளியேற்றிவிட்டு, முப்பத்தைந்து வயதில் 'ஏன் நடப்பதில்லை?' என்று கேட்கிறோம்.

தங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. எடையைக் குறைக்கும் ஊசிமருந்துகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. நீரிழிவும் தீவிர உடல் பருமனும் உடையவர்களுக்கு, மருத்துவர் மேற்பார்வையில், இவை உண்மையான பயன் தரும் மருந்துகள். அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் திருமணத் தேதி குறித்த பிறகு 'மாப்பிள்ளை வீட்டுக்காக' இந்த ஊசியைத் தேடும் குடும்பங்களை இப்போதே பார்க்கிறேன். எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. ஏற்கெனவே இரத்தமும் தசையும் குறைந்த பெண்ணுக்கு அது எதைக் கொண்டுவரும் என்பதை இணைப்பிதழ் எழுத வேண்டும். இன்னொன்று: உடல் பருமனைக் குணப்படுத்துவதாகச் சொல்லி எந்த மருந்தையும் விளம்பரம் செய்வதை, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடைசெய்கிறது. அதன் அட்டவணையில் உடல் பருமனும் ஒன்று. அப்படியிருக்க, அதே ஞாயிறு இதழின் பின்பக்கத்தில் 'முப்பது நாளில் தொப்பை கரையும்' என்ற சூரண விளம்பரம் எப்படி இடம்பெற்றது? முன்பக்கம் பெண்ணை வெட்கப்படவைக்க, பின்பக்கம் அந்த வெட்கத்துக்கு மருந்து விற்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை நிறுத்தும் அதிகாரம் தங்கள் கையில் இருக்கிறது.

பெண்களின் உடல்நலம் பற்றி வாரம் ஒரு பக்கம் ஒதுக்குவதை நான் மனமார வரவேற்கிறேன். அந்தப் பக்கத்தில் இருபடப் பாணியைக் கைவிடுங்கள். எடை குறைத்தவரின் கிலோக்கணக்குக்குப் பதிலாக, ஐம்பது வயதில் முதன்முறையாக நீந்தக் கற்றவரையும், பிரசவத்துக்குப் பின் இரத்தசோகையிலிருந்து மீண்டவரையும், மாலை நேரக் கபடிக் குழு நடத்தும் நூறு நாள் வேலைத்திட்டப் பெண்களையும் தேடிப் பேட்டி எடுங்கள். இருக்கிறார்கள், நான் அறிவேன். உணவு அட்டவணை அச்சிட வேண்டுமானால், அது குடும்பம் முழுவதற்குமானதாக இருக்கட்டும். யார் சமைப்பது, யார் முதலில் உண்பது என்ற வரிகளும் அதில் இருக்கட்டும். மாவட்டந்தோறும் விளையாட்டுத் திடல்களில் எரியாத விளக்குகளையும் பூட்டிய கழிப்பறைகளையும் படம் பிடித்து, வலப்புறம் இடப்புறம் என்று இரண்டு படங்களாகப் போட வேண்டுமானால், அவற்றைப் போடுங்கள்: பூட்டியிருந்தபோது ஒன்று, திறந்த பிறகு ஒன்று.

இக்கடிதத்தை வெளியிடத் தாங்கள் தீர்மானித்தால், ஒரு வேண்டுகோள். இடுப்பில் அளவுநாடாவைச் சுற்றிக்கொண்டு நிற்கும் பெண்ணின் படத்தை இதன் அருகில் அச்சிட வேண்டாம். இடம் நிரப்பப் படம் தேவைப்பட்டால், தங்கள் அலுவலகக் கோப்பில் எங்கேனும் மண்டல விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறியும் பள்ளி மாணவியின் படம் கட்டாயம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.